ராணிக்குச் சவரம்

ஏப்ரல் 4, சனி

தை மாதம் ஜவுளிக்கடையில் கொடுத்த டைரி. பட்டன், ஊக்கு, நூல்கண்டு கிடக்கும் பையில் இதுவும் கிடந்தது. செய்யாறு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரேவுக்காக உட்கார்ந்திருந்தபோது கையில் அகப்பட்டது. வேறு வேலை இல்லை, எழுதுகிறேன்.

அவர் வலது கட்டை விரலில் கூத்துப் பெட்டியின் மூடி விழுந்துவிட்டது. கிரீடமும் சலங்கையும் வைக்கிற இரும்புப் பெட்டி. எலும்பில் கீறல் என்றார் டாக்டர். தகடு வைத்துக் கட்டியிருக்கிறார்கள். மே மாதம் பாதி வரைக்கும் பிரிக்கக் கூடாதாம்.

"வலிக்குதா?" என்று கேட்டேன்.

அவர் இடது கையால் கன்னத்தைத் தடவிக்கொண்டே, "நாளான்னிக்கு கூத்து கீதே," என்றார்.

என் வீட்டுக்காரர் தணிகாசலம், கூத்தில் பெண் வேஷம் கட்டுகிறவர். பங்குனியிலிருந்து ஆடி வரை ராணி. மற்ற மாதங்களில் வீடுகளுக்குப் பெயிண்ட் அடிப்பார். கையில் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டால் விரல் கட்டு தெரியாது, ஆடிவிடலாம். அவருடைய கவலை அதுவல்ல. அவர் தாடி கம்பி மாதிரி, சுருட்டை வேறு. கடையில் விற்கிற பிளாஸ்டிக் ரேசரில் சிரைத்தால் மறுநாளே பொரிப்பொரியாக எழும்பிவிடும். அதனால் நீளமான சவரக் கத்திதான் எப்போதும். கூத்துள்ள நாளில் மத்தியானம் ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, ஒரு மணி நேரம் மழிப்பார். நான் மெஷினில் தைத்துக்கொண்டிருப்பேன். அவர் முதுகு என் பக்கம், என் முதுகு அவர் பக்கம். கத்தியைத் தோல்வாரில் தீட்டுகிற சளக் சளக் சத்தம் மட்டும் எனக்குத் தெரியும்.

அவர் கூத்தை நான் பார்த்தது கல்யாணத்துக்கு முன்னால் ஒரே ஒரு தடவை. அப்புறம் போகவில்லை. தையல் வேலை இருக்கிறது.

ஏப்ரல் 6, திங்கள்

சலூன் ஏழுமலையிடம் போய் மழித்துக்கொண்டு வந்தார். ஏழுமலை நல்ல கைக்காரர், அவருக்குச் சின்ன வயதிலிருந்தே சிநேகிதர். ஆனால் அவரிடம் இருப்பது பிளேடைப் பாதியாக உடைத்து மாட்டுகிற கத்தி. வழவழவென்று வரவேண்டும் என்று கீழிருந்து மேலாக நாலைந்து முறை இழுத்துவிட்டார் போலிருக்கிறது. தொட்டால் வழவழப்புதான். பார்த்தால் தேய்த்துக் கழுவிய தக்காளி.

ஏப்ரல் 7, செவ்வாய்

காலையில் வந்தவர் முகத்தைக் கண்டு பயந்துவிட்டேன். அரிதாரம் பூசியதும் எரிய ஆரம்பித்ததாம். பொழுது விடிகிறவரை எரிச்சலோடு ஆடியிருக்கிறார். கற்றாழையைக் கீறிக் கொடுத்தேன். தானே பூசிக்கொண்டார்.

மத்தியானம் வாத்தியார் சின்னராசு வந்தார். அவர்தான் கூத்துக் குழுவை நடத்துகிறவர். டீ குடித்து முடிக்கிறவரை வேறு பேச்சு பேசினார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"கோச்சிக்காத தணிகாசலம். ஆரணி பக்கம் குமரேசன்னு ஒரு பையன், ராணி வேஷம் நல்லா கட்டறான். விரலு சேர்ற வரைக்கும் அவன வச்சி ஓட்டிக்கலாமா? வேப்பந்தாங்கல் கூத்து இருவத்தஞ்சாந் தேதி. பெரிய திருவிழா. அங்க மூஞ்சி இப்டி இருந்தா நல்லா இருக்காதுப்பா."

வேப்பந்தாங்கல் என் பிறந்த ஊர். இத்தனை வருஷத்தில் இவர்கள் குழுவுக்கு அங்கே கூத்து கிடைத்ததே இல்லை. இந்த வருஷம்தான் கூப்பிட்டிருக்கிறார்கள்.

அவர், "பத்து நாளு டைம் குடு வாத்தியாரே," என்று மட்டும் கேட்டார். வாத்தியார் என்னைப் பார்த்தார். நான் ஒரு ஜாக்கெட்டுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன். யார் ராணியானால் எனக்கென்ன.

ஏப்ரல் 8, புதன்

இடது கையால் மழித்துப் பார்க்கிறேன் என்று கத்தியை எடுத்தார். காதோரம் கிழித்துக்கொண்டார். வெள்ளைத் துண்டெல்லாம் ரத்தம். ரத்தக் கறை போகாது, அதுவும் வெள்ளையில். கையிலிருந்து கத்தியைப் பிடுங்கிக்கொண்டேன்.

"நான் பண்றன்."

"நீயா?"

"தெனம் கத்திரி புடிக்கிற கைதான? கத்தி புடிக்காதா?"

அவர் சிரித்தார். சிரித்ததில் காதோரம் இன்னும் கொஞ்சம் ரத்தம் வந்தது. துண்டுக்காகத்தான் சொன்னேன்.

ஏப்ரல் 9, வியாழன்

பலூன் வாங்கிவரச் சொன்னார். ஊதி, அதன்மேல் சோப்பு நுரை தடவி, கத்தியால் நுரையை மட்டும் வழிக்க வேண்டுமாம். பலூன் உடையாமல் இருந்தால் கன்னம் கிழியாதாம். மகள் வேலூரில் நர்சிங் படிக்கிறாள், வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான், சிரிக்க யாரும் இல்லை என்று தைரியமாக ஆரம்பித்தேன்.

முதல் பலூன் கத்தி பட்டதுமே போய்விட்டது. நுரை என் மூக்கில், அவர் மீசை இல்லாத உதட்டில், தைத்து மடித்து வைத்திருந்த பாவாடைமேல். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுப் பூங்காவனம் ஜாக்கெட் வாங்க வந்து நின்றாள்.

"இன்னாடி அஞ்சலாட்சி, பொறந்த நாளா?"

"ஆமா, பலூனுக்கு," என்றார் அவர்.

பூங்காவனம் போன பிறகும் எங்களுக்குச் சிரிப்பு நிற்கவில்லை. கடைசிப் பலூன் உடையாமல் நின்றது. அதை ஜன்னல் கம்பியில் கட்டிவைத்திருக்கிறார்.

ஏப்ரல் 10, வெள்ளி

இன்று நிஜக் கன்னம்.

முதலில் வெந்நீரில் நனைத்த துணியை முகத்தில் போட்டு ஊறவிட வேண்டும். இதற்கு அவசரப்படவே கூடாது என்றார். பிறகு பிரஷ்ஷில் சோப்பைக் குழைத்து, மயிரெல்லாம் எழுந்து நிற்கிறமாதிரி வட்டமாகத் தேய்க்க வேண்டும். கத்தியைத் தோல்வாரில் தீட்டும்போது கத்தியின் முதுகு முன்னால் போகணும், கூர் பின்னால் வரணும். மாற்றிச் செய்தால் வார் அறுந்துவிடும். அதை மூன்று தடவை சொன்னார். ஒரு தடவை போதும், எனக்குப் புரியும்.

கத்தியைக் கன்னத்தில் வைத்தேன்.

"கத்தி முதுக கொஞ்சமா தூக்கு. ரொம்ப படுத்தா மயிர இழுக்கும், நிமித்துனா தோல வெட்டும்," என்றார் கண்ணை மூடிக்கொண்டே.

"பேசாத. தாடை ஆடுது."

இடது கையால் தோலைக் காதுப்பக்கம் இழுத்துப் பிடித்தேன். சாட்டின் துணியை மெஷினில் ஓட்டுகிறபோது இழுத்துப் பிடிப்பதுபோலத்தான். கொஞ்சம் தளர்ந்தாலும் சுருங்கிவிடும். கத்தி இறங்கியது. பச்சரிசி மாவைச் சலிக்கிறமாதிரி ஒரு மெல்லிய சத்தம். இரண்டு பேரும் அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தோம்.

வலது கன்னம் முடிந்தபோது என் முதுகு மரத்துவிட்டது. மறு பக்கத்துக்குத் தெம்பில்லை. பாதி முகத்தோடு அவர் நாள் முழுக்க உள்ளேயே இருந்தார். தபால்காரர் வந்தபோது கதவைப் பாதி திறந்து, மழித்த கன்னத்தை மட்டும் காட்டி வாங்கினார்.

அவர் தாடைக்கு அடியில் ஒரு சின்ன மச்சம் இருக்கிறது. இன்றுதான் பார்த்தேன்.

ஏப்ரல் 11, சனி

இடது கன்னம். முன்னால் நின்றால் கை வளைய மாட்டேன் என்கிறது. பின்னால் நின்றுகொண்டு, அவர் தலையை என்மேல் சாய்த்துக்கொண்டால்தான் வருகிறது. தலை கனம்தான். பரவாயில்லை.

ஏப்ரல் 12, ஞாயிறு

மோவாய் ஓரத்தில் வெட்டிவிட்டேன். படிகாரக் கட்டியை நனைத்து அழுத்தினேன். அவர் அசையவே இல்லை. எனக்குத்தான் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கத்தியைக் கீழே வைத்தேன்.

"வேணாங்க. குமரேசனே கட்டட்டும்."

"அஞ்சல, நீ மூச்ச அடக்கிக்கினு வெட்ற. மூச்ச வுடு. கையி தானா லேசாவும்."

"உனக்கு பயமா இல்லியா? கழுத்துல கத்தி வச்சிருக்கன்."

"நீ வச்சதுதான?"

திரும்பக் கத்தியை எடுத்தேன். மூச்சை விட்டுக்கொண்டே இழுத்தால் கனம் குறைகிறது, உண்மைதான். கத்தியின் எடையே போதும். நாம் அழுத்த வேண்டியதில்லை.

ஏப்ரல் 13, திங்கள்

ஒரு விஷயம் கண்டுபிடித்தேன். மழிக்கும் முன்னால் கண்ணை மூடிக்கொண்டு அவர் கழுத்தை விரலால் தடவிப் பார்த்தேன். கன்னத்தில் மயிர் மேலிருந்து கீழே போகிறது. கழுத்தில் அப்படி இல்லை, வலது பக்கம் பக்கவாட்டில் படுத்திருக்கிறது, குரல்வளைக்குக் கீழே மேல்நோக்கி வளர்கிறது. வெல்வெட் துணி மாதிரிதான். வெல்வெட்டை ஒரு பக்கம் தடவினால் வழவழப்பு, மறுபக்கம் தடவினால் சொரசொரப்பு. போக்கு பார்க்காமல் வெட்டினால் துணியே பாழ்.

இவர் இத்தனை வருஷமாகக் கழுத்தைக் கீழிருந்து மேலே ஒரே இழுப்பாக இழுத்துக்கொண்டிருந்திருக்கிறார். அதனால்தான் எப்போதும் அங்கே பொரி.

"எதிர்ல இழுக்க மாட்டன். மொதல்ல போக்குலயே ஒரு தடவ. மறுபடி நுரை போட்டு குறுக்கால ஒரு தடவ. அவ்ளோதான்."

"அப்ப வழவழன்னு வராதே."

"வரலன்னா அப்பறம் கேளு."

வந்தது. புறங்கையால் தடவிப் பார்த்தார். பிறகு எழுந்து போய்க் கண்ணாடியில் பார்த்தார். திரும்பி வந்து என் கையை எடுத்துத் தன் கழுத்தில் வைத்துக் காட்டினார், நான்தான் மழித்தேன் என்பதை மறந்தவர்போல.

ஏப்ரல் 14, செவ்வாய்

வருஷப் பிறப்பு. பாயசம் வைத்தேன். மகள் போனில் பேசினாள். "அப்பா கொரல் வேற மாதிரி இருக்கே, இன்னா விசேஷம்?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன்.

மழிக்கும்போது அவர் வாய் திறக்க முடியாது. அதனால் நான் பேசுகிறேன். இத்தனை வருஷத்தில் இவ்வளவு பேசியதில்லை. மெயின் ரோட்டில் சின்னதாக ஒரு கடை பிடித்துத் தைக்கலாமா என்று நினைப்பதைச் சொன்னேன். ஏன் கூத்துக்கு வருவதில்லை என்றும் சொன்னேன். கல்யாணமான புதிதில் வேப்பந்தாங்கலில் நாலு பேர் என் தம்பி ஏகாம்பரத்தைப் பிடித்துக்கொண்டு, "உங்க மாமா பொடவைய யாரு தொவைக்கறது, உங்க அக்காவா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். தம்பி வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டான். அதன் பிறகு எனக்கு அந்தப் பேச்சே வேண்டாம் என்று இருந்துவிட்டேன்.

கன்னத்தில் நுரையோடு கேட்டுக்கொண்டிருந்தார். கத்தியை எடுத்ததும் சொன்னார்.

"பொடவைய நான்தான் தொவைக்கறன்."

ஆமாம். அவர்தான் துவைப்பார். கஞ்சிகூட அவரே போடுவார்.

ஏப்ரல் 17, வெள்ளி

வாத்தியார் பார்க்க வந்தார். காலையிலேயே மழித்து, நிழலில் உட்காரவைத்து, தேங்காய் எண்ணெயில் குழைத்த அரிதாரத்தைப் பாதி முகத்துக்குப் பூசி வைத்திருந்தோம். மத்தியானம் வரை எரிச்சல் இல்லை. வாத்தியார் வெளிச்சத்துக்கு இழுத்துப்போய், முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பூசாத கன்னத்தில் புறங்கையை வைத்துத் தேய்த்தார்.

"எந்த சலூன்ப்பா இது? காஞ்சிபுரம் போனியா?"

"ஊட்டு சலூன்தான்," என்று என்னைக் காட்டினார்.

வாத்தியார் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு குமரேசனுக்குப் போன் போட்டு, "தம்பி, அடுத்த வருசம் பாக்கலாம்பா," என்றார். நான் அடுப்பங்கரைக்குப் போய்விட்டேன். டீ போடத்தான். சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டிருக்கிறேன், வாத்தியார் ஒன்றும் சொல்லாமல் குடித்துவிட்டுப் போனார்.

ஏப்ரல் 19, ஞாயிறு

நேற்று பக்கத்து ஊரில் கூத்து. காலையில் சிரித்துக்கொண்டு வந்தார். மழை.

ஏப்ரல் 22, புதன்

ஏகாம்பரம் போன் செய்தான். திருவிழாவுக்கு வரச் சொன்னான். பிறகு குரலைத் தாழ்த்தினான்.

"அக்கா, கூத்துக்கு மாமாதான் வர்றாராமே. வரட்டும், நான் ஒண்ணும் சொல்லல. நீ மட்டும் கோயில் பக்கம் வராத. ஊட்லயே இரு. எவனாச்சும் எதுனா பேசுவான், உனக்குத்தான் கஷ்டம்."

"நான் வராம எப்டிடா? அவருக்கு நான்தான் மழிக்கணும்."

"இன்னா மழிக்கணும்?"

"தாடி."

சிக்னல் போய்விட்டது என்று நினைத்தேன்.

"நீயாக்கா?"

"ஆமா. கத்தியில. வெந்நீர் மட்டும் ரெடி பண்ணி வை."

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். என் கருநீலப் பட்டுப் புடவையை இஸ்திரி போட எடுத்து வைத்திருக்கிறார், இடது கையால், கோணல்மாணலாக மடித்து.

ஏப்ரல் 26, ஞாயிறு

நேற்று எழுத நேரமில்லை. இப்போது தம்பி வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். அவர் உள்ளே தூங்குகிறார்.

வேஷம் கட்டுவதற்குப் பள்ளிக்கூடத்தைத் திறந்துவிட்டிருந்தார்கள். அறைக்குள் வெளிச்சம் போதவில்லை. கழுத்து மடிப்பு எனக்குத் தெரிய வேண்டும். நாற்காலியை வெளியே வேப்பமரத்துப் பக்கம் போடச் சொன்னேன்.

"வெளியவா?" என்றார் அவர்.

"வெளிச்சம் அங்கதான் கீது."

உட்கார்ந்தார். துண்டு கட்டினேன். தோல்வாரைச் சைக்கிள் ஸ்டாண்ட் கம்பியில் மாட்டித் தீட்டினேன். அந்தச் சத்தத்துக்கே தண்ணீர்க் குழாயில் நின்ற பெண்கள் திரும்பிவிட்டார்கள். குடத்தை வைத்துவிட்டு ஒவ்வொருத்தராக வந்தார்கள். நான் தலையைத் தூக்கவில்லை. மூச்சை விட்டுக்கொண்டே இழுத்தேன். வலது கன்னம். பின்னால் போய் நின்று, தலையைச் சாய்த்துக்கொண்டு, இடது கன்னம்.

கூட்டத்தில் ஓர் ஆள், "தே பாரு, ராணிக்கு சவரம் நடக்குது," என்றான். யாரோ சிரித்தார்கள்.

என் கை நிற்காமல் வேலையைப் பார்த்தது. அது எனக்கே ஆச்சரியம். கத்தியை அவர் தாடைக்கு அடியில், மச்சத்தைச் சுற்றி வளைத்து எடுத்துக்கொண்டே சொன்னேன்.

"ஆமாண்ணே. உனக்கும் பண்ணட்டா? உன்து இன்னும் மோசமா கீது."

இப்போது எல்லோரும் சிரித்தார்கள், அந்த ஆளும் சேர்த்து. தன் தாடியைத் தடவிக்கொண்டே பின்னால் நகர்ந்தான். அப்போது என் பக்கத்தில் ஒரு சொம்பு வெந்நீர் வந்து நின்றது. ஏகாம்பரம். எவ்வளவு நேரமாக நின்றானோ.

"மாமா, தண்ணி சூடு போதுமா?" என்று கேட்டான். அவரைப் பார்த்து அவன் நேராகப் பேசி எத்தனை காலம் ஆயிற்று. அவர் வாயைச் சுற்றி நுரை, தலையை மட்டும் ஆட்டினார்.

மழித்து முடித்துத் துண்டை எடுத்தேன். பெண்களில் ஒருத்தி, "தொட்டு பாக்கட்டாண்ணா?" என்று கேட்டுவிட்டு, கேட்டதற்கு அவளே வெட்கப்பட்டுக்கொண்டு, பிறகு தொட்டும் பார்த்தாள். "எங்க ஊட்டு ஆளுக்கும் சொல்லிக் குடுக்கா," என்றாள். அதற்குள் ஏகாம்பரம் காலியான நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். துண்டைத் தானே கழுத்தில் சுற்றிக்கொண்டான்.

"அக்கா, எனக்கும்."

அவன் தாடி கோரை மாதிரி, நேராக வளர்கிறது. சுலபம்.

கூத்துக்கு முன் வரிசையில் உட்கார்ந்தேன். இரண்டு பேர் பிடித்திருந்த திரை விலகியது, ராணி வந்து நின்றாள். பெட்ரோமாக்ஸ் மாதிரி ஒரு பெரிய விளக்கு நேராக முகத்தில். எனக்கு முதலில் கன்னம்தான் தெரிந்தது. ஒரு நிழல் இல்லை, ஒரு புள்ளி இல்லை. அப்புறம்தான் மற்றதெல்லாம் தெரிந்தது. அவர் கண், கழுத்தைத் திருப்புகிற விதம், கைக்குட்டையை வீசுகிறபோது அடிக்கிற சலங்கை. பாட்டுக்குப் பாட்டு ஜனங்கள் விசில். நாடு இழந்த ராணி அழுகிற இடத்தில் என் பக்கத்தில் இருந்த அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "யாரு ஊட்டு பொண்ணும்மா இது, இவ்ளோ லட்சணமா கீது?" என்று கேட்டார்.

"எங்க ஊட்டுக்காரரு," என்றேன்.

அந்த அம்மாவுக்குக் காது மந்தமோ என்னவோ, திரும்பக் கேட்டார். இன்னொரு முறை சத்தமாகச் சொன்னேன். பின் வரிசை வரைக்கும் கேட்டிருக்கும்.

மே 3, ஞாயிறு

கூத்து, தையல், கூத்து. எழுத நேரமில்லை. ராஜா வேஷம் கட்டுகிறவரும் என்னிடம் மழித்துக்கொள்ள வரட்டுமா என்று கேட்டனுப்பினார். மீசையைத் தொட மாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன்.

மே 16, சனி

கட்டைப் பிரித்துவிட்டார்கள். விரல் வெளுத்துப்போய், கொஞ்சம் மெலிந்திருக்கிறது. எலும்பு நன்றாகச் சேர்ந்துவிட்டதாம். இனி எல்லா வேலையும் செய்யலாம் என்றார் டாக்டர்.

மே 17, ஞாயிறு

காலையில் கரண்ட் இல்லை. ஊசியில் நூல் கோக்க எனக்குக் கண் பிடிக்கவில்லை. அவர் வாங்கி, வலது கைக் கட்டை விரலாலும் ஆட்காட்டி விரலாலும் நூலை முறுக்கி, ஒரே குத்தில் கோத்துக் கொடுத்தார்.

மத்தியானம், மழிக்கிற நேரத்துக்கு நான் மெஷினில் உட்கார்ந்துகொண்டேன். பூங்காவனத்தின் ஜாக்கெட் அவசரம். பின்னால் நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது. தோல்வாரில் தீட்டுகிற சத்தமும் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. வெகு நேரம் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். துண்டைக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடி, தலையைப் பின்னால் சாய்த்து உட்கார்ந்திருந்தார். கத்தி மடிமேல் இருந்தது.

"வெரலு இன்னும் வலிக்குது அஞ்சல," என்றார்.

போய் வெந்நீர் வைத்தேன்.